கிள்ளான் கடற்கரையும் தமிழர் ஓய்வுநாளும்

கடற்கரையில் ஒரு நாளை விளையாட்டாகக் கழிப்பது மேனாட்டாரிடமிருந்து வந்த வழக்கம் என்று எண்ணுவோர் உண்டு. நெய்தல் திணையைப் பயின்ற தமிழாசிரியர்கள் அதனை ஒப்பமாட்டார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் நிறைமதி நாளில் கடலுக்குச் செல்வதில்லை. தொழிலை நிறுத்தி, உண்டு மகிழ்ந்து, நண்டைத் துரத்தியும் அலையில் புகுந்தும் மணலில் பாவை செய்தும் விளையாடுகின்றனர். கடலாடியவர் பின்னர் மாசு நீங்க நன்னீரில் குளிப்பதையும் புலவர் சொல்ல மறக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையிலோ செல்வர் வருகின்றனர். கோவலன் அத்திரி ஊர்ந்தும் மாதவி வண்டி ஏறியும் புகாரின் கடற்கரையை அடைகின்றனர். அத்திரி என்றால் கோவேறு கழுதை என்று வகுப்பில் சொன்னவுடன் மாணவர் சிரிப்பது எந்த ஆசிரியரும் அறிந்த செய்தி.

இவ்விரு காட்சிகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். கோவலனுக்கு எந்த நாளும் ஓய்வுநாளாகலாம். பரதவனுக்கு வலையை மடித்து வைத்த நாள்தான் ஓய்வுநாள். ஆகவே கடற்கரை இன்பத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், வேலையை நிறுத்தும் உரிமை எவர்க்கு எப்போது வந்தது என்பதையே முதலில் ஆராய வேண்டும். மலாயாத் தமிழரைப் பொறுத்தவரை இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற இடம் கிள்ளான் மாவட்டம். அவர்கள் கப்பலிலிருந்து இறங்கிய துறைகளுள் ஒன்று அங்கேதான் இருக்கிறது. அவர்கள் வேலைசெய்த இரப்பர்த் தோட்டங்களும், அவர்களுடைய புகழ்பெற்ற வேலைநிறுத்தமும், இன்று அவர்களுடைய பிள்ளைகள் ஞாயிறு தோறும் செல்லும் மோரிப் கடற்கரையும் அதனைச் சூழ்ந்தே அமைந்துள்ளன. கிள்ளான் நகருக்கும் துறைமுகத்துக்கும் இடையே உள்ள பண்டமாரானில் நின்றால் இவற்றுள் எதுவும் தொலைவில் இல்லை.

முதலில் நிலத்தின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். சிலாங்கூர்க் கடற்கரை புகாரின் வெண்மணற் கரை போன்றதன்று. மலாக்கா நீரிணை இருபுறமும் நிலம் காக்கும் அமைதியான கடல். பேரலை அங்கே அரிது. கிள்ளான் ஆறும் லங்காட் ஆறும் மலைநாட்டிலிருந்து கொண்டுவரும் வண்டலைக் கடல் அடித்துச் செல்வதில்லை, கரையிலேயே படியவிடுகிறது. அவ்வண்டலில் வேரூன்றிக் கண்டல் காடு வளர்கிறது. சங்கப் புலவர் கண்டல் என்ற சொல்லை அறிந்திருந்தனர். ஆனால் கிள்ளான் முகத்துவாரத்தில் இருப்பது போன்ற, தீவு தீவாகப் பரந்து கிடக்கும் கண்டற் சேற்றுக் காட்டை அவர்கள் கண்டிருக்கமாட்டார்கள். கடல் நீர் ஏறி இறங்கும் அளவோ பெரிது. வெள்ளுவா, காருவா நாள்களில் நான்கு மீட்டர் அளவுக்கு ஓதம் ஏறி வடியும். வடிந்தபின் கடல் நெடுந்தொலைவு பின்வாங்கிச் சேற்றுவெளி புலப்படும். மணல் உள்ள கரை வேண்டுமென்றால் தெற்கே மோரிப்புக்குச் செல்ல வேண்டும். அல்லது நெகிரி செம்பிலானில் உள்ள போர்ட்டிக்சனுக்குச் செல்ல வேண்டும். மோரிப்பிலும் மணல் மேலே ஒரு போர்வையளவே உண்டு, அதனடியில் சேறு. இச்செய்தி பின்னர் ஒரு படையையே தடுமாறச் செய்தது.

இத்தகைய சேற்றுக் கரையில்தான் ஆங்கிலேயர் துறைமுகம் அமைத்தனர். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு 1886இல் இரயில் வந்தது. ஆற்றுத் துறை பெரிய கப்பல்களுக்குப் போதாமையால், பாதை 1899இல் முகத்துவாரம் வரை நீட்டப்பட்டது. அங்கே 1901 செப்டம்பரில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டு, சிலாங்கூரின் ரெசிடெண்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரைப் பெற்றது. 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறும் வரை, மலாயாத் தமிழரின் கடிதங்களிலும் கதைகளிலும் அது போர்ட் சுவெட்டன்ஹாம்தான்.

திறந்து இரண்டு மாதம் ஆகுமுன்பே அங்கே மலேரியாக் காய்ச்சல் பரவியது. அரசாங்க ஊழியரும் துறைமுகக் கூலிகளும் கப்பலிலிருந்து இறங்கியோரும் வரிசையாகப் படுத்தனர். துறைமுகத்தையே கைவிட்டுவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்டத்துக்கு வந்திருந்தார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் இந்தியாவில் 1897இல் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. காட்டைத் திருத்தி, கடல்நீர் புகாதபடி கரைகட்டி, வடிகால் வெட்டினால் கொசு ஒழியும் என்று வாட்சன் வற்புறுத்தினார். அரசாங்கம் அதற்குப் பணம் ஒதுக்கியது. கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் விரைவில் தணிந்தது. வெப்ப நாடுகளில் இம்முறையால் கிடைத்த தொடக்ககால வெற்றிகளுள் இதுவும் ஒன்றென மருத்துவ உலகம் போற்றியது. வாட்சன் தம் அனுபவங்களை நூலாக எழுதி 1911இல் வெளியிட்டார். அதற்கு முன்னுரை வழங்கியவர் ராஸே ஆவார்.

வாட்சன் வரலாற்றில் மற்றொரு நுட்பம் உண்டு. அதனைச் சற்று விரித்துரைப்பது தகும். கரையோரச் சேற்றுக் காட்டில் மலேரியாவைப் பரப்பிய கொசு, மரநிழலில் தேங்கிய நீரில் வளர்வது. காட்டை வெட்டி வெயில் படச் செய்தால் அது அழிந்தது. இதைக் கண்ட தோட்ட முதலாளிகள் குன்றுப் பகுதிகளிலும் காட்டை வெட்டினர். அங்கே நோய் குறையவில்லை, கூடியது. காரணம், குன்றுகளில் வாழும் கொசு வேறு இனம். வெயில் படும் தெளிந்த ஓடை நீரிலேயே அது முட்டையிடும். ஓரிடத்தில் மருந்தானது மற்றோரிடத்தில் நஞ்சாயிற்று. ஒவ்வோர் இடத்திலும் எந்த இனக் கொசு நோய் பரப்புகிறது என்று கண்டு, அதற்கேற்ற முறையைக் கையாள வேண்டும் என்ற கொள்கை இவ்வாறுதான் உருவாயிற்று. அதைக் கண்டுபிடிப்பதற்குள் இரப்பர்த் தோட்டங்களில் மடிந்த தமிழர் மிகப் பலர். வடிகால் வெட்டிய கைகளும் பெரும்பாலும் அவர்களுடையவையே. வாட்சனுக்கு 1924இல் சர் பட்டம் கிடைத்தது. மண்வெட்டி பிடித்தவர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இனி, அவர்கள் கரையிறங்கிய முறையைக் காண்போம். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலேறியோர் ஆறேழு நாள் மேல்தளத்தில் பயணம் செய்து பினாங்கை அடைவர். பின்னர் கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் சிங்கப்பூருக்கும் செல்லும். 1926இல் கட்டப்பட்ட ரஜுலா என்ற கப்பல் இவ்வழியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. 1907இல் ஏற்பட்ட இந்தியக் குடியேற்ற நிதி வழிச்செலவை ஏற்றது. கங்காணிமார் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தனர். தொழிலாளர் கப்பலிலிருந்து நேரே தோட்டத்துக்குப் போய்விட முடியாது. அம்மையோ காலராவோ உள்ளதா எனச் சோதிக்கும் பொருட்டு, சில நாள் அவர்களைத் தனியிடத்தில் நிறுத்தி வைப்பது முறை. போர்ட் சுவெட்டன்ஹாமில் அதற்கென ஒரு முகாம் இருந்தது. பினாங்கில் ஜெரஜாக் தீவும், சிங்கப்பூரில் செயிண்ட் ஜான் தீவும் அப்பணிக்கு ஒதுக்கப்பட்டன. செயிண்ட் ஜான் தீவில் முகாம் தொடங்கியது 1874இல்.

அம்முகாம்களில் துணிகளை ஆவியில் அவித்தனர், அம்மை குத்தினர், ஆளை எண்ணினர். ஊரை விட்டு வந்தவன் மலாயாவில் முதன்முதலாக மிதித்த மணல் இத்தீவுகளின் மணலே. சுற்றிலும் கடல், எதிரே கரை தெரியும், போக முடியாது. தீவு என்ற சொல்லுக்கு அன்றைய கூலித் தமிழன் மனத்தில் எழுந்த பொருள் இதுதான்.

அத்தீவுகள் பின்னர் அடைந்த மாற்றம் வியப்புக்குரியது. செயிண்ட் ஜான் தீவு 1975இல் ஓய்வுக்குரிய இடமாகத் திருத்தப்பட்டது. நீந்துமிடங்களும் தங்கும் விடுதிகளும் எழுந்தன. ஜெரஜாக் தீவில் 19ஆம் நூற்றாண்டில் தொழுநோயாளரையும் கப்பலில் வந்தோரையும் ஒதுக்கி வைத்தனர். பின்னர் அங்கே காசநோய் மருத்துவமனை இருந்தது. 1969 முதல் 1993 வரை சிறைச்சாலை இருந்தது. 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் அங்கே உல்லாச விடுதி கட்டினர்.

இஃது இந்நாட்டுக்கு மட்டும் உரிய கதையும் அன்று. இந்துமாக்கடலின் மேற்குக் கரையில், ஆப்பிரிக்கப் பக்கத்தில், இதே மாற்றத்தைப் பல தீவுகள் கண்டுள்ளன. சான்சிபார் நகரத்துக்கு எதிரே சங்கு என்னும் சிறு தீவு உண்டு. (நம் சங்குக்கும் அதற்கும் உறவில்லை, சுவாகிலி மொழியில் அது ஒரு மீனின் பெயர் என்பர்.) 1893இல் அங்கே சிறைச்சாலை கட்டினர், ஆனால் அக்கட்டடம் கைதிகளைவிடக் கப்பற் பயணிகளை அடைத்து வைக்கவே பயன்பட்டது. மஞ்சட் காய்ச்சலுக்கும் பிற நோய்களுக்கும் அஞ்சி அவர்களைத் தடுத்து நிறுத்தினர். இன்று உல்லாசப் பயணிகள் படகேறி அங்கே சென்று, சீசெல்சிலிருந்து கொண்டுவரப்பட்ட பேராமைகளின் வழிவந்தவற்றுக்குக் கீரை ஊட்டி மகிழ்கின்றனர். மொரீசியசுக்கு வடக்கே உள்ள காபிரியேல் தீவின் கதை இன்னும் கொடியது. 1856இல் கல்கத்தாவிலிருந்து இரண்டு கப்பல்களில் வந்த இந்தியத் தொழிலாளரைக் காலரா அச்சத்தால் அத்தீவில் இறக்கிவிட்டனர். போதிய உணவும் உறையுளும் நீரும் இன்றி அங்கே இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதனால் இந்திய அரசாங்கம் மொரீசியசுக்கு ஆள் அனுப்புவதையே சில காலம் நிறுத்தியது. இன்று பாய்மரப் படகுகள் பகற்பொழுது உலாவுக்கு வந்து சேரும் வெண்மணல் தீவும் அதுவே. பயண நிறுவனங்களின் வண்ண ஏடுகளில் மணலின் நிறம் மட்டும் இருக்கும். மணலின் வரலாறு இராது. மொரீசியசு மக்கள் தம் துறைமுகத்தில் தொழிலாளர் இறங்கிய பழைய முகாமைப் போற்றிக் காத்தனர்; அது 2006இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது.

கிள்ளானுக்கு மீள்வோம். முகாமிலிருந்து விடுபட்ட தொழிலாளி தோட்டம் சேர்ந்தபின் கடலை மீண்டும் கண்டானா? தொலைவு குறைவுதான், கரையோரத் தோட்டங்கள் பலவற்றிலிருந்து கடல் நடைத் தொலைவிலேயே இருந்தது. கேரித் தீவைக் காண்க. இ. வி. கேரி என்ற ஆங்கிலத் தோட்ட முதலாளியின் பெயரால் வழங்கும் அத்தீவை லங்காட் ஆற்றின் கிளையொன்று பெருநிலத்திலிருந்து பிரிக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இரப்பர் பயிரிடலாயினர். ஓதத்தைத் தடுக்கக் கரையும் மதகும் இல்லாவிட்டால் அத்தீவில் பயிர் நில்லாது. ஆதலின் அங்கே வாழ்ந்த தமிழர் நாள்தோறும் கடலோடு போராடினர். கடலில் விளையாடியவர் அல்லர். கேரித் தீவின் பழங்குடிகளான மாமெரி மக்களுக்கு அக்கடல் முன்னோர் வாழும் இடம். மரத்தில் செதுக்கிய முகமூடி அணிந்து ஆடி முன்னோரை அவர்கள் இன்றும் வணங்குகின்றனர். ஒரே கரையில் ஒருவர்க்குக் கோயிலாகவும் மற்றொருவர்க்கு மண்வெட்டி வேலையாகவும் கடல் அமைந்தது.

தடையாக நின்றது தொலைவன்று, தோட்டத்தின் ஒழுங்குமுறை. விடியுமுன் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டும். பால்மரம் வெட்டி, பால் சேர்த்து, நிறுத்துக் கொடுக்க வேண்டும். நாட்கூலி, வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. வெளியார் தோட்டத்துக்குள் வருவதையும் தொழிலாளர் வெளியே போவதையும் துரையும் கிராணியும் கண்காணித்தனர். ஓய்வு வேளைக்கென்று தோட்டம் தந்தது கள்ளுக்கடை ஒன்றே. திருவிழாவுக்கும் இறந்தார் கடனுக்கும் கடற்கரைக்குப் போவது உண்டு. அஸ்தி கரைக்கவும், அமாவாசைக்கு நீராடவும் சென்றவர் உண்டு. ஆயினும் இன்பத்துக்காக ஒரு பகலைக் கடலோரத்தில் செலவிடுதல் என்பது துரைமாருடைய பழக்கமாகவே இருந்தது. போர்ட்டிக்சன் அவ்வகையில் பெயர் பெற்றது. சிரம்பானிலிருந்து அங்கே 1891இலேயே இரயில் ஓடியமையால், காய்ச்சலும் புழுக்கமும் தாங்காத அலுவலர் அங்கே சென்று கடற்காற்று வாங்கினர்.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் மாவட்டத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சார்ந்தவரும் ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவில் பணியாற்றியவருமான ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். அவர்களுடைய கோரிக்கைகளைப் படிப்போர் சம்பள உயர்வு ஒன்றையே எதிர்பார்ப்பர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும் என்பது அவற்றுள் இருக்கவே செய்தது. அதனோடு அவர்கள் கேட்டவை வேறு: உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்கு வந்துபோக வேண்டும்; பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும்; கள்ளுக்கடையை மூட வேண்டும்; மேலாளர் எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் நீங்க வேண்டும்; பெண்டிரிடம் தகாதவாறு நடப்பது நிற்க வேண்டும்; நல்ல பள்ளியும் மருத்துவமும் வேண்டும். இவற்றை ஒருங்கு சேர்த்துப் பார்க்கின்றவருக்கு, தன் உடம்பும் தன் பொழுதும் தன் வழியும் தனக்கு உரியவை என்ற எண்ணம் அத்தொழிலாளரிடம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்பது விளங்கும்.

மிதிவண்டிக் கோரிக்கையைச் சிறிதென்று நினைத்தல் ஆகாது. அந்நாளில் தொழிலாளி தன் கைப்பொருளால் வாங்கக்கூடிய ஒரே வண்டி அதுதான். அதில் ஏறியவன் தோட்டத்து எல்லையைத் தாண்டிப் பட்டணத்தையும் துறைமுகத்தையும் காணலாம். அவன் அதில் ஏறியிருப்பதே சிலருக்குப் பொறுக்கவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதானார். பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். கலகம் மூண்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். அவ்வாண்டு முடியுமுன்பே ஜப்பானியர் மலாயாவில் புகுந்தனர். அதன்பின் கிள்ளான் தோட்டங்களிலிருந்தும் பிற தோட்டங்களிலிருந்தும் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டனர். அது தனி நூலுக்குரிய துயரம்.

போர் முடிவில் மோரிப் கடற்கரை திடீரென வரலாற்றில் ஏறியது. மலாயாவை மீட்க நேச நாட்டுப் படைகள் வகுத்த திட்டத்துக்கு ‘சிப்பர்’ என்று பெயர். ஜப்பான் அதற்குள் சரணடைந்துவிட்டபோதிலும் திட்டத்தை நிறுத்தவில்லை. 1945 செப்டம்பர் 9ஆம் நாள் மோரிப் பகுதியில் இந்தியப் படைகள் கரையிறங்கின. அவற்றுள் முதன்மையானது 25ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு. அஃது 1942இல் தென்னிந்தியாவில் அமைக்கப்பட்டது. மேலே மணல் கண்டு உறுதியான தரை என்று நம்பிய வண்டிகள் அடியிலுள்ள சேற்றில் புதைந்தன. பல கடல்நீர் ஏறிப் பாழாயின. எதிர்ப்பு இருந்திருந்தால் பெருஞ்சேதம் நேர்ந்திருக்கும் என்பது போர் வரலாற்றாசிரியர் பலர் கருத்து. அந்நிகழ்ச்சியைக் குறிக்கும் நினைவுக்கல் மோரிப்பில் உள்ளது. உலாவ வருவோர் அதனருகே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.

போருக்குப்பின் கடற்கரை உடனே திறந்துவிடவில்லை. 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தது. 1960 ஜூலை முடிய அது நீடித்தது. காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த சீனக் குடும்பங்களைக் கம்பிவேலி சூழ்ந்த புதுக்கிராமங்களில் குடியேற்றினர். பண்டமாரானும் அவ்வாறு அமைந்த புதுக்கிராமங்களுள் ஒன்று. தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களையும் ஓரிடத்தில் கூட்டி வேலியிட்டனர். ஊரடங்கு வேளைகள் வகுக்கப்பட்டன. காட்டில் உள்ளோர்க்கு உணவு போய்ச் சேராதபடி, பல இடங்களில் வேலைக்காட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போவதும் தடுக்கப்பட்டது. கட்டுச்சோறு எடுத்துச் செல்ல முடியாத காலத்தில் கடற்கரைப் பயணம் ஏது?

மாற்றம் அதே ஆண்டுகளில்தான் மெல்ல உருவாயிற்று. பல சங்கங்களை இணைத்து 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது, பி. பி. நாராயணன் அதற்குத் தலைமை தாங்கிப் பல்லாண்டு நடத்தினார். 1955இல் இயற்றிய வேலைச் சட்டம் 1957 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு, பொது விடுமுறை, ஆண்டு விடுப்பு என்பவை அதில் எழுத்தாக நின்றன. அவ்வாண்டு ஆகஸ்டு 31இல் நாடு விடுதலை பெற்றது. சுதந்திரத்தைப் பற்றி எழுதுவோர் கொடியையும் கீதத்தையும் எழுதுவர்; அதற்கு மூன்று மாதம் முன்பு வந்த ஞாயிற்றுக்கிழமையை எவரும் எழுதுவதில்லை.

கிள்ளானிலிருந்து பந்திங் வழியாக மோரிப்புக்குப் போகும் சாலையில் அதன்பின் வந்த ஆண்டுகளில் பேருந்தும் வாடகை லாரியும் தமிழ்க் குடும்பங்களை ஏற்றிச் சென்றன. மோரிப் பயணத்துக்குரிய இலக்கணம் விரைவில் உருவாயிற்று. புளிச்சோறு, அவித்த முட்டை, கோழிக் குழம்பு, பாய், மாற்றுத் துணி. சவுக்கு மர நிழலில் அடுப்பு மூட்டி வைத்த தேநீர். ஓதம் ஏறும் நேரம் பார்த்துப் பிள்ளைகளை இறக்குவது. ஏறிய நீர் வடியத் தொடங்கியதும் சேற்றுக்கு அஞ்சி அழைத்துக்கொள்வது. முதல் தலைமுறையினர் பலர் நீரில் இறங்காமல் கரையிலேயே அமர்ந்திருந்தனர். அவர்களுள் கப்பலில் வந்தவர் அக்கடலை வேறு விதமாக அறிந்தவர். பட்டினப்பாலைப் பரதவர் வலையை மடித்த நாளில் செய்தவற்றுள் நண்டைத் துரத்துவதும் மணலில் உருவம் செய்வதும் மோரிப்பிலும் குறைவின்றி நடந்தன. கடலாடியபின் குளிக்க நன்னீர்தான் எளிதில் கிட்டாது. உப்பும் சேறும் ஒட்டிய உடம்போடு வீடு திரும்பியவரே மிகுதி.

மலாயாவின் பொதுக் கடற்கரைகளில் இன்னார்க்கு மட்டும் என்ற சட்டப் பலகை நடப்பட்டதில்லை என்று பெருமை பேசுவோர் உண்டு. தென்னாப்பிரிக்காவோடு ஒப்பிட்டால் அப்பெருமைக்கு இடம் உண்டு. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது முதல் அங்கே தமிழர் வாழ்கின்றனர். ஒப்பந்தம் முடிந்தவர் சிலர் டர்பன் குடாவில் வலைவீசிப் பிழைத்தனர். அந்நகரின் கடலில் மீன் பிடித்தவருடைய பேரப்பிள்ளைகள் அந்நகரின் சிறந்த மணற்கரையில் கால் வைக்க முடியாதபடி, பொது இடங்களை நிறவாரியாகப் பிரிக்கும் சட்டம் 1953இல் வந்தது. 1989 நவம்பரில்தான் குடியரசுத் தலைவர் டி கிளார்க் கடற்கரைகளை எல்லார்க்கும் திறப்பதாக அறிவித்தார். சட்டம் மறு ஆண்டு நீங்கியது. ஆயினும் மலாயாவைப் பற்றிய பெருமையை அளவோடு வைத்துக்கொள்வது நன்று. ஓய்வுநாளும் வண்டிக்கூலியும் இல்லாதவனைத் தடுக்கப் பலகை எதற்கு?

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் இரப்பர் போய்ச் செம்பனை வந்தும் வீட்டுமனைகளாக மாறியும், கிள்ளான் தமிழர் பெரும்பாலும் நகரவாசிகளாயினர். வண்டி வைத்திருப்போர் மோரிப்பைத் தாண்டிப் போர்ட்டிக்சனுக்கும், பங்கோர், லங்காவித் தீவுகளுக்கும் போகலாயினர். வசதி மிக்கோர் மாலத்தீவுக்கும் சான்சிபாருக்கும் பறக்கின்றனர். அருகிலிருந்த தீவுகளோ வெவ்வேறு வழியில் சென்றன. லுமுட் தீவுக்கு இண்டா, அதாவது அழகு, என்று புதுப்பெயர் சூட்டினர். பெயரிட்டபின் அங்கே மேற்குத் துறைமுகம் எழுந்தது. பாலம் கடந்து செல்வோர் காண்பது பெரும்பாலும் அடுக்கிவைத்த கப்பற் பெட்டிகளையே. கேரித் தீவு செம்பனைக் காடாக நிற்கிறது; அங்கே மூன்றாம் துறைமுகம் அமைப்பது பற்றிப் பல முறை பேச்சு எழுந்துள்ளது. ஓய்வுநாள் கூட்டத்தை ஈர்ப்பது கெத்தாம் தீவு. கெத்தாம் என்பதற்கு மலாய் மொழியில் நண்டு என்று பொருள். சீன மீனவர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அங்கே சேற்றின்மேல் கால்நட்டு வீடு கட்டி வாழ்கின்றனர். கார் இல்லை, நடைபாலங்களில் மிதிவண்டி ஓடுகிறது. மணற்கரை அத்தீவில் இல்லாவிட்டாலும், நண்டும் இறாலும் உண்டு, மிதிவண்டி ஏறிச் சுற்றி, மாலையில் திரும்புவோர் தொகை குறையவில்லை.

கெத்தாம் தீவுக்குப் படகு ஏறும் துறை, பழைய துறைமுகத்தை ஒட்டியே உள்ளது. 1899இல் முடிந்த இரயில் பாதையின் கடைசி நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் அதனை அடையலாம். அதே துறைமுகத்தில் ரஜுலா 1970களின் தொடக்கம் வரை வந்து நின்றது. மேல்தளத்தில் வந்தவர் தகரப்பெட்டியும் பாயும் தூக்கி இறங்கினர். அவ்விரயிலில் அவர்கள் ஏறிய திசைக்கு எதிர்த்திசையில், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஞாயிறு காலையில் வந்து இறங்குகின்றனர்.